கையைப் பிடித்தவள்

அருணாதேவியின் இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தவள் சண்முகத்தாய். அடித்தவன் சண்முகத்தாயின் கடைசித் தம்பி மாரிசாமி.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை. தாயில்பட்டியில் பாதி வீடுகளில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாதென்று சண்முகத்தாய்தான் டிவியைக் கூட்டி வைத்திருந்தாள். மாரிசாமி, லாரியில் லோடு கட்டுகிற கயிற்றை நான்காக மடித்து, மூட்டையைத் தட்டிச் சரிசெய்பவனைப் போல நிதானமாக அடித்தான். முதுகு, தோள், தொடை. ஒவ்வொரு அடிக்கும் அருணாதேவியின் உடம்பு துள்ளியது. அந்தத் துள்ளல் சண்முகத்தாயின் கைகள் வழியே ஏறி அவளுடைய தோளில் வந்து நின்றது.

"யாருன்னு சொல்லிரு. சொல்லிட்டா விட்ருவான்."

"யாரும் இல்ல மதினி. சத்தியமா யாரும் இல்ல."

சன்னல் திட்டில் அந்த அட்டை கிடந்தது. வெம்பக்கோட்டை மருந்துக் கடையில் சண்முகத்தாயே போய் வாங்கி வந்த, கர்ப்பம் பார்க்கிற அட்டை. இரண்டு வாரமாக அருணாதேவி தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். நடுநடுவே உதிரம் பட்ட துணியை ஒளித்து ஒளித்துத் துவைத்தாள். அவள் புருஷன், சண்முகத்தாயின் மூத்த தம்பி சிவபாண்டி குவைத்துக்கு விமானம் ஏறியது பங்குனியில். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. சண்முகத்தாய் குளியலறைக் கதவருகே காவல் நின்று சோதிக்கவைத்தாள். இரண்டு கோடுகள் விழுந்தன. மங்கலாகக்கூட இல்லை, குங்குமத்தால் இழுத்ததுபோல இருந்தன.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தால் யாராலும் திமிர முடியாது. இதைச் சண்முகத்தாய் தன் மாமியாரிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்காமல் போனபோது, அவள் புருஷன் காசிராஜன் அடிக்க, அந்த அம்மா இப்படித்தான் பிடித்துக்கொண்டாள். பிறகு காசிராஜன் வேறொருத்தியைக் கூட்டி வந்தான். சண்முகத்தாய் இருபத்தொன்பது வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. பதின்மூன்று வருடமாகத் தரைச்சக்கரம் சுற்றிச் சுற்றி உரமேறிப்போன கைகள். அருணாதேவியின் மெலிந்த மணிக்கட்டுகள் அவற்றுக்குள் அடங்கிக் கிடந்தன.

அந்த நேரத்தில் அவளுக்குள் கோபம்கூட இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. அடி வேறொருத்திக்கு விழுகிறது என்கிற நிம்மதி. பின்னால் எத்தனையோ மாதம் அவள் தனக்குள் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது அந்த நிம்மதியில்தான்.

கயிறு போதாதென்று மாரிசாமி காலைத் தூக்கினான். அடிவயிற்றில் ஒரே உதை. அருணாதேவியிடமிருந்து சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும் போனது. சண்முகத்தாய் கையை விட்டாள். அருணாதேவி தரையில் உட்கார்ந்தாள். சேலைக்கு அடியிலிருந்து ரத்தம் மெல்ல ஊர்ந்து வந்து சிமெண்டுத் தரையின் விரிசலில் ஓடியது.

"போயிருச்சு," என்றான் மாரிசாமி, கயிற்றைச் சுருட்டியபடி. "ஒழிஞ்சது சனியன்."

அவனுக்கு ஆமத்தூரில் பெண் பேசியிருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அந்த வீட்டார் காதுக்கு இது போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு.

ஆனால் அதை ஊருக்குள் விட்டது சண்முகத்தாய்தான். கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேருக்குமேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவளுடைய அறையில் எதிரே உட்கார்ந்து சக்கரம் சுற்றுகிறவள் லட்சுமிகாந்தம். திங்கட்கிழமை காலை ஒருத்தியிடம் சொன்னது, சாயங்காலம் வேன் ஏறும்போது மூன்று வேனுக்கும் தெரிந்திருந்தது. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. தரையைக் கழுவிவிட்ட பிறகும் மூக்கில் நின்ற ரத்த வாடையை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. தான் செய்ததைச் சொல்லி இறக்க முடியாதவள், அருணாதேவி செய்ததாகச் சொல்லி இறக்கினாள்.

அன்றைக்கே சிவபாண்டிக்கும் போன் பேசினார்கள். திரையில் அவன் முகம் அசையாமல் இருந்தது. தாலியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடச் சொன்னான். செவ்வாய்க்கிழமை காரியாபட்டியிலிருந்து அருணாதேவியின் அப்பா வந்தார். மகளை ஒரு வார்த்தை கேட்காமல், வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் அறைந்தார். தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். போகும்போது சண்முகத்தாயைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அருணாதேவியை மக்காச்சோள மூட்டை போட்டிருந்த அறையில் வைத்துப் பூட்டினார்கள். உதிரம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் இருமல் தொடங்கியது. சண்முகத்தாய் கஞ்சியை நீட்டியபோது அவள் தலையைத் திருப்பி இருமினாள். சாக்கின் மேல் சிவப்பாகத் தெறித்தது. கர்ப்பம் கலைந்தால் வாயிலிருந்து இப்படி ரத்தம் வராது என்பது சண்முகத்தாய்க்குத் தெரியும். இரண்டு தடவை பட்டவள் அவள்.

நான்காம் நாள் காலையில் கிராமச் சுகாதார நர்ஸ் ஜெனிட்டா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினாள். கையில் கர்ப்பிணிகளைப் பதிகிற நோட்டு. எந்த வீட்டில் கரு தரித்தாலும் அவளிடம் பதிவு ஏற வேண்டும். தாயில்பட்டி வேனில் பேசிக்கொண்டதை அவளும் கேட்டிருந்தாள். ஊருக்கு அது வம்பு. அவளுக்குப் பதியாமல் விட்டுப்போன ஒரு பெயர்.

"அருணாதேவி இங்கதான் இருக்காளா? அன்னிக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னீக?"

சண்முகத்தாய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம், சொல்லியிருந்தாள். மாசி மாதத்தில் அருணாதேவிக்கு மூன்று மாதக் கர்ப்பம் என்று நினைத்து ஜெனிட்டாதான் சிவகாசிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினாள். உள்ளே பிள்ளை இல்லை. திராட்சைக் கொத்துபோல முத்து முத்தாக நீர்க்கட்டிகள்தான் இருக்கின்றன, இதற்குப் பெயர் முத்துப்பிள்ளை என்று சொல்லி, அங்கே கழுவி எடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு இரண்டு தடவை ஜெனிட்டா ரத்தம் சோதிக்கத் தேடி வந்தாள். சீசன் வேலை, அருணாதேவியைக் கூட்டிப் போகச் சண்முகத்தாய் ஒரு நாள் லீவு போட்டாலும் முதலாளி ஏசுவார். கழுவியாயிற்று, இனி என்ன என்று சண்முகத்தாய் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"ஃபைலு எங்க? வாராவாரம் ரத்தம் பாக்கணும்னு அதுல எழுதியிருப்பாங்களே?"

"எரிச்சுட்டேன் சிஸ்டர்."

தங்காத பிள்ளையின் காகிதம் வீட்டில் இருந்தால் அடுத்த பிள்ளையும் தங்காது. அவர்கள் வீட்டில் அப்படித்தான். சண்முகத்தாயின் காகிதங்களை அவள் அம்மா எரித்தாள். அருணாதேவியின் காகிதத்தைச் சண்முகத்தாய் சூடம் வைத்து எரித்தாள். கெடுதலாக நினைத்துச் செய்யவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு அடுத்ததாவது தங்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் செய்தாள்.

ஜெனிட்டா நோட்டை மூடினாள். பூட்டைத் திறக்கச் சொன்னாள். உள்ளே போய், படுத்திருந்தவளின் முதுகைப் பார்த்தாள், சாக்கில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு சண்முகத்தாயின் பக்கம் திரும்பினாள்.

"இது கர்ப்பம் இல்லக்கா. புருஷன் ஊர்ல இல்லாட்டியும் இந்தக் கோடு விழும். அன்னிக்குக் களுவுன முத்துல மிச்சம் இருந்து அது வேர் விட்ருக்கு. கர்ப்பத்துல ரத்தத்துல ஊறுற அதே சுரப்பு இதுலயும் ஊறும். அட்டைக்கு அது தெரியாது, ரெண்டு கோடு போடும். அதுக்குத்தான் அம்புட்டுத் தடவ வந்தேன். இப்ப நெஞ்சுக்குப் போயிருச்சு போலயே."

ஞாயிற்றுக்கிழமை தன் கைகளுக்குள் துள்ளிய உடம்பு, யாரும் இல்லை மதினி என்று அத்தனை தடவை சொன்னது, எல்லாம் ஒரே நேரத்தில் சண்முகத்தாயின் முன் வந்து நின்றன. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அடி தாங்காமல் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அடி நின்றிருக்கும். அவள் சொல்லவில்லை.

ஜெனிட்டா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது மாரிசாமி வந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அடித்தது வெளியே வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜெனிட்டாவின் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டான். வாசலை மறித்துக்கொண்டு, குறுக்கே வந்தால் நர்ஸ் என்றும் பார்க்க மாட்டேன் என்று கத்தினான். அருணாதேவியின் முடியைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

சண்முகத்தாய் பின்னால் போய் அவன் கைகளைப் பிடித்தாள்.

வேறு எதுவும் அவளுக்குச் செய்யத் தெரியவில்லை. கட்டைவிரலை மடக்கி, மணிக்கட்டைச் சேர்த்து, முழங்காலை அவன் இடுப்பில் ஊன்றிப் பிடித்தாள். அவன் பின்னந்தலையால் அவள் முகத்தில் முட்டினான். முன்பல் ஒன்று ஆடிப்போனது. சுவரோடு சாய்த்து அவளை நசுக்கினான். அவள் அவனுடைய தோளில் பல்லைப் பதித்தாள். சட்டையைத் தாண்டித் தோலின் உப்பும் பிறகு ரத்தமும் வாயில் வந்தன. அவன் தாயைச் சொல்லித் திட்டினான். இருவருக்கும் அது ஒரே தாய். ஆம்புலன்ஸ் பையன்கள் அருணாதேவியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவள் பிடியை விடவில்லை. விட்டபோது அவள் விரல்கள் நீளவில்லை, மடங்கியே நின்றன.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்ததும் படம் எடுக்கச் சொன்னார். கர்ப்பப்பையிலும் நெஞ்சிலும் புற்றாகப் படர்ந்திருந்தது. அரிதான நோய் இது. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய், நேரத்துக்கு வந்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும் என்றார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று தொடங்கி, முடிக்கவில்லை. முதுகில் இருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்கும் எழுதி அனுப்பினார்.

ஏட்டு வந்து கட்டிலருகே நின்றார். அருணாதேவி, அடித்தது மாரிசாமி என்று சொன்னாள். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கையப் பிடிச்சது யாருன்னு இவுககிட்டயே கேளுங்க."

ஏட்டு சண்முகத்தாயின் பக்கம் திரும்பினார். ஒரு பக்கம் தம்பியின் கல்யாணம், இன்னொரு பக்கம் போலீஸ் ஜீப், ஜெயில், வேனில் எழும்பப்போகும் பேச்சு.

"நான் அன்னைக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தேன்," என்றாள்.

ஏட்டு எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மாரிசாமி சொன்னான். பார்த்த சாட்சி இல்லை. வழக்கு அப்படியே கிடந்தது.

நாலரை மாதம் சண்முகத்தாய் மதுரைக்கும் தாயில்பட்டிக்குமாக அலைந்தாள். ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் அருணாதேவியின் உடம்பைக் கட்டிலோடு போட்டு அறைந்ததுபோல் இருந்தது. வாய் வெந்து புண்ணானது. முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. நரம்பு கிடைக்காமல் கையில் ஐந்தாறு இடத்தில் குத்தினார்கள். சண்முகத்தாய் வாந்திச் சட்டியை ஏந்தினாள், துணி துவைத்தாள், முதுகு துடைத்துவிட்டாள். கயிற்றுத் தழும்புகளின் மேல் மட்டும் ஈரத்துணியை அழுத்தாமல் ஒற்றி எடுப்பாள். அருணாதேவி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குவைத்திலிருந்து சிவபாண்டி கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

மார்கழிக் கடைசியில் ரத்தத்தில் அந்தச் சுரப்பின் அளவு இறங்கிச் சரியாகிவிட்டது. இன்னும் ஒரு வருடமாவது சோதனைக்கு வர வேண்டும், அதுவரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அருணாதேவி தாயில்பட்டிக்கு வர மறுத்தாள். காரியாபட்டிக்கே போகிறேன் என்றாள். அப்பா வாசலில் விடவில்லை என்றால் அந்த ஊரிலேயே தனியாக அறை எடுத்துக்கொள்வாளாம். பஸ் ஏறும்போதுதான் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குச் சீக்கு சரியாயிருச்சு. ஊருக்குள்ள நான் இன்னும் கலைச்சுட்டுப் போனவதான் மதினி. அத எந்த டாக்டர் சரியாக்குவாக?"

பஸ் கிளம்பிப் போன பிறகும் சண்முகத்தாய் அங்கேயே நின்றாள்.

பொங்கல் கழிந்து கம்பெனி திறந்தது. அந்த வாரமே ஜெனிட்டா, போர்மேன் அன்பரசனிடம் பேசிப் பத்து நிமிடம் வாங்கியிருந்தாள். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாரும் கேட்டருகே வரிசையில் நிற்பார்கள். போன், கொலுசு எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். அதற்கு முன் போர்மேன் எச்சரிக்கைகளை வாசிப்பார். அன்றைக்கு அவருடைய இடத்தில் ஜெனிட்டா நின்றாள். கையில் திராட்சைக் கொத்து வரைந்த படம். அறுபது பெண்கள். ஓரத்தில் லோடு ஏற்றுகிற ஆண்கள், அவர்களுக்குள் மாரிசாமி.

ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகலாம் என்று ஜெனிட்டா சொல்லிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருத்தி, "பிள்ளைக்குப் பதிலாத் திராட்சையா? எந்தத் தோட்டக்காரன் சிஸ்டர் அது?" என்றாள். சிரிப்பு பரவியது.

"தாயில்பட்டில ஒருத்திக்குக் குவைத்துல இருந்து பார்சல்ல வந்துச்சே," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு பெரிதானது. லட்சுமிகாந்தம் சிரிக்காமல் சண்முகத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

சண்முகத்தாய் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். ஜெனிட்டாவின் பக்கத்தில் நின்றாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அந்தப் பேச்ச உங்களுக்குச் சொன்னவ நாந்தான்," என்றாள். "அது பொய்யி. என் தம்பி பொண்டாட்டி வயித்துல பிள்ள இல்ல, சீக்கு இருந்துச்சு. மாசியில களுவி எடுத்த பெறகு ரத்தம் பாக்கணும்னு எழுதிக் குடுத்த காகிதத்த எரிச்சதும் நாந்தான். தேடி வந்த சிஸ்டர பொய் சொல்லி அனுப்புனதும் நாந்தான். அட்டையில ரெண்டு கோடு விழுந்துச்சு. எவன்னு கேட்டோம். இல்லாதவனுக்கு அவ எங்க போவா?"

மாரிசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது.

"ஆவணி மாசம் ஞாயித்துக்கிழமை. நான் கோயிலுக்குப் போகல. அவ கைய ரெண்டையும் பின்னால பிடிச்சுக்கிட்டு நின்னேன். மாரிசாமி கயித்தால அடிச்சான். வயித்துல மிதிச்சான். போலீஸ்ல பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

அவன் கை அவள் வாயில் விழுந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் இம்முறை கழன்றது. வாயை மூடச் சொன்னான், ஆமத்தூர்க்காரர்கள் காதுக்குப் போனால் வெட்டிப் போட்டுவிடுவேன் என்றான். இரண்டாவது அடிக்கு அவள் கீழே உட்கார்ந்தாள். மூன்றாவது அடி விழுவதற்குள் லோடு ஆட்கள் இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்பரசன் பதறினார். வெடிமருந்து வளாகத்துக்குள் அடிதடியா என்று கத்தி, அவனை கேட்டுக்கு வெளியே தள்ளச் சொன்னார்.

சண்முகத்தாய் எழுந்தாள். பல்லை உள்ளங்கையில் துப்பினாள். ரத்தம் தாடையில் வழிந்தது. துடைக்காமல், விட்ட இடத்திலிருந்து சொன்னாள். வாய் வீங்கியதால் சொற்கள் கொழகொழவென்று வந்தன.

"முத்துப்பிள்ளைன்னு களுவுனா காகிதத்த எரிக்காதீக. கெணத்துல போடாதீக. சிஸ்டர் வரச் சொல்ற நாளெல்லாம் போயி ரத்தம் குடுங்க. திரும்ப ரெண்டு கோடு விழுந்தா அடிக்கக் கைய ஓங்காதீக. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

நேரமாகிவிட்டதென்று அன்பரசன் மணி அடித்தார். பெண்கள் வரிசையாகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போனார்கள். போகிறபோது சிலர் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி காலடியில் துப்பிவிட்டுப் போனாள். அது தனக்கு வர வேண்டியதுதான் என்று சண்முகத்தாய் நின்றாள்.

கடைசியாக லட்சுமிகாந்தம் நின்றாள். தன் முந்தானையை நனைத்து வந்து சண்முகத்தாயின் வாயைத் துடைத்தாள். துடைத்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எங்கூட்டு மருமகளுக்கும் ஐப்பசியில இப்படித்தான் முத்துன்னு சொல்லிக் களுவுனாங்க. நாங்களும் காகிதத்தக் கெணத்துல போட்டுட்டோம். ரெண்டு நாளா வாந்தி எடுக்கா. நல்ல சேதின்னு நெனச்சு நேத்துதான் பாயாசம் வச்சேன் சண்முகம்."

சண்முகத்தாய் ஜெனிட்டாவைத் தேடினாள். அவள் கேட்டருகே ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே கூட்டிட்டு வா. சிஸ்டர் இங்கனதான் இருக்காக, நில்லுங்கன்னு சொல்லுதேன்," என்றாள். பல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ முன்னால போ. நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துர்றேன். அங்க ஒரு கையெழுத்த மாத்தணும்."